திருநாடு எந்த ஜில்லா?

1942ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 15ஆம் தேதி, ஜனன மரணக் கணக்கும் வீட்டுவரியும் பார்க்கிற, மயிலாப்பூர்ப் பக்கத்து வட்டப் பதிவு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த கணேசமூர்த்தி என்பவர், நான்கு நாள் முன்னதாக இறந்து, எரிக்கப்பட்டு, அஸ்தியும் கடலில் கரைக்கப்பட்ட ஸ்ரீரங்கன் என்ற மனிதரை ‘ஊரை விட்டுப் போனவர்’ என்று எழுதிவைத்தார். இது முதற்குற்றம். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்த மறுத்தது இரண்டாவது. மறுப்பதற்கான காரணத்தை ஒரு தடவையேனும் காகிதத்தில் எழுதித் தராதது மூன்றாவது. மூன்றிலும் கொடியது இந்தக் கடைசிக் குற்றமே. கை தவறி எழுதுவது மனிதர் எவருக்கும் நேரும். கேட்ட கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்லி, நாளைக்கு அப்படிச் சொல்லவேயில்லை என்று சாதிப்பதற்குத் தனியான பயிற்சி வேண்டும். கணேசமூர்த்தி அதில் தேர்ந்தவர்.

ஸ்ரீரங்கனின் மனைவி ஜலஜா விஷயத்தை இப்படித்தான் வகுத்து வைத்திருந்தாள். அவளுக்கு எதையும் வகுத்துத்தான் வைக்கத் தெரியும். அவளுடைய தகப்பனார் திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு கோர்ட்டுக்கு நகல் எழுதிப் பிழைத்தவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பெண்ணை அனுப்பவில்லை. ஆனால் மை கொட்டிக் கெட்டுப்போன தாள்களை அடுப்பெரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். அடுப்பில் போடுவதற்கு முன் ஜலஜா அவற்றைப் படித்தாள். தமிழும் இங்கிலீஷும் அவளுக்கு அப்படி வந்தவைதான். அவள் முதன்முதலில் தானாகப் படித்து முடித்த இங்கிலீஷ் வாக்கியம், வரப்பு தாண்டி மேய்ந்த ஓர் எருமையைப் பற்றிய சத்தியப் பிரமாணம். பள்ளிக்கூடம் போன அண்ணன்மார் இருவருக்கும் கடைசி வரை ஒரு விண்ணப்பம் ஒழுங்காக எழுத வரவில்லை என்பதை அவள் மறந்ததேயில்லை.

கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தாள். ஸ்ரீரங்கன் பம்பாயில் ரயில்வே கணக்கு ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தபோது அவருக்கு அவள் எழுதிய கடிதங்களெல்லாம் ‘கீழ்க்கண்ட விஷயங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு கடிதத்தில், தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்பதை மூன்றாவது இனமாகக் குறிப்பிட்டிருந்தாள். ‘மனு அனுமதிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு, அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு மனிதர் ஊர் வந்து சேர்ந்தார். அவளுடைய விண்ணப்பங்களில் உரிய காலத்தில் உரிய உத்தரவு கிடைத்தது அது ஒன்றுக்குத்தான்.

கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த வீடு ஸ்ரீரங்கனுக்குத் தாய்வழிப் பாட்டனார் எழுதிவைத்தது. பம்பாய்க்குப் போனபோது வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காகப் பெரியப்பா பிள்ளை சம்பத்குமாரனுக்கு அவர் ஒரு முக்தியார் பத்திரம் எழுதிக்கொடுத்தார். தன் சார்பில் வாடகைக்கு விடவும், விற்கவும், கையெழுத்திடவும் அவனுக்கு அதிகாரம் தருகிற பத்திரம். திரும்பி வந்ததும் அதை ரத்து செய்திருக்க வேண்டும். “சம்பத்துதானே, அவன் என்ன பண்ணிடப் போறான்” என்று விட்டுவிட்டார். நல்லவர்கள் செய்கிற காரியங்களின் பலனை மற்றவர்கள்தான் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியாயிற்று. அதுவரை காபிக் கடையில் உட்கார்ந்து சிங்கப்பூரை எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் தளபதிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மயிலாப்பூர், ஊறுகாய் ஜாடியையும் வெள்ளிக் கூஜாவையும் தூக்கிக்கொண்டு எழும்பூரில் போய் ஒருவரையொருவர் மிதித்தது. அந்த வாரம்தான் ஸ்ரீரங்கன் விஷஜுரத்தில் படுத்தார். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூர் போய்விட்டார். நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து பார்த்தார். பங்குனி இருபத்தொன்பதாம் தேதி ஸ்ரீரங்கன் இறந்தார். பாடை தூக்க நாலு பேர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. நாலு பேரில் ஒருவன் சம்பத்குமாரன். சுடுகாட்டில் சீட்டு எழுதித் தருகிறவன் குடும்பத்தோடு வாலாஜாவுக்கு ஓடியிருந்தான். ஆகவே சீட்டு இல்லாமலே காரியம் முடிந்தது.

பதிவு ஆபீஸுக்குத் தெரிவித்தவர் ஸ்ரீரங்கனின் தகப்பனார் வேதாந்தம். பிரபந்தம் நாலாயிரமும் நாக்கு நுனியில் இருந்தவர். வீட்டு மனிதர்களின் மரணத்தை இறந்தார், செத்தார் என்று சொல்வது அவர் வம்சத்தில் கிடையாது. வைஷ்ணவர்கள் சொல்லுகிற முறைப்படி, ‘அடியேன் குமாரன் ஸ்ரீரங்கன் பங்குனி இருபத்தொன்பதில் திருநாட்டுக்கு எழுந்தருளினான்’ என்று அழகான எழுத்தில் எழுதி அனுப்பினார். பரமபதம் சேர்ந்தான் என்று அர்த்தம். அதே தபாலில் கணேசமூர்த்தியின் மேஜைக்கு, ‘நாங்கள் ஊருக்குப் போகிறோம், வீடு காலி’ என்று வீட்டுவரியில் கழிவு கேட்டு எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துகொண்டிருந்தன. வேதாந்தத்தின் கடிதமும் அந்தக் கட்டில் போய்ச் சேர்ந்தது. ‘ஸ்ரீரங்கன், ஊரை விட்டுப் போனவர்’ என்று ரிஜிஸ்தரில் ஏறிற்று.

மூன்று வருஷம் இது யாருக்கும் தெரியாது. 1945 தை மாதம் சம்பத்குமாரன் ஒருநாள் காலையில் வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டை விலை பேசியாயிற்று, சித்திரைக்குள் காலி செய்துகொடுக்க வேண்டும் என்றான்.

“யார் வீட்டை யார் விக்கறது?” என்றாள் ஜலஜா.

“அண்ணா வீட்டை அண்ணா சார்புல நான் விக்கறேன், மன்னி. முக்தியார் எங்கிட்டதானே இருக்கு.”

“கொடுத்தவர் போனா முக்தியாரும் போச்சு.”

“போனார்னு யார் சொன்னா? ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன். ஊருக்குப் போயிருக்கறதா இருக்கு. வரட்டுமே, வந்ததும் கணக்குச் சொல்றேன்.”

“நீ தோள் கொடுத்தியே சம்பத்து. பாடையில அன்னிக்கு யார் இருந்தா?”

“நெரிசல் நாள் மன்னி. யாரு என்னன்னு யார் பார்த்தா” என்று சொல்லிவிட்டு, அவள் வைத்த காபியையும் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

வக்கீல் ஒருவரைக் கேட்டாள். வழக்குப் போட்டால் பல வருஷம் இழுக்கும், மரணச் சான்று ஒன்று கையில் இருந்தால் ஒரே நாளில் சம்பத்தின் வாய் அடைந்துவிடும் என்றார் அவர். மரணம் நடந்தது நிஜம். சான்று தரவென்றே சர்க்கார் ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறது. இதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று எண்ணிக்கொண்டு ஜலஜா போனாள். அவள் ஏமாளியாக இருந்த கடைசி நாள் அது.

வாசலில் சேவகன் துரைராஜ் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். “இன்னாம்மா, யாரு பூட்டாங்க?”

“எங்காத்துக்காரர்.”

“எப்போ?”

“மூணு வருஷமாச்சு.”

“மூணு வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? போங்க, உள்ள அய்யா கீறாரு. தூங்கிக்கினு இருந்தா எழுப்பாதீங்க, கோவம் வரும்.”

கணேசமூர்த்தி விழித்துக்கொண்டுதான் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. ரிஜிஸ்தரைப் புரட்டினார். கட்டைப் பிரித்து வேதாந்தத்தின் கடிதத்தை எடுத்தார்.

“இதோ இருக்கு. திருநாட்டுக்குப் போயிருக்கார். ஊருக்குப் போனவரை நான் எப்படிம்மா சாகடிக்கிறது?”

“திருநாடுன்னா ஊர் இல்லை.”

“நாடுன்னு எழுதியிருக்கே. திருநெல்வேலி தெரியும், திருவாங்கூர் தெரியும். திருநாடு எந்த ஜில்லா?”

“வைகுண்டம்” என்றாள் ஜலஜா.

கணேசமூர்த்தியின் முகம் தெளிந்தது. “அப்படி முதல்லயே சொல்லக் கூடாதா? ஸ்ரீவைகுண்டம். திருநெல்வேலி ஜில்லாதானே அது. செத்த ஊர்லதாம்மா சர்ட்டிபிகேட் தருவாங்க. அங்க எழுதிக் கேளுங்க.”

அந்த மனிதர் மூடரா, மூடர் வேஷம் போடுகிறவரா என்று ஜலஜா அவர் முகத்தையே பார்த்தாள். பிற்பாடும் அவளால் இதை முடிவு செய்ய இயலவில்லை. எதுவானாலும் அவரைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயத்தில் மாற்றம் ஏற்படாதாகையால் அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். “இதை எழுதித் தாருங்கள்” என்று கேட்டாள். “வாயால சொன்னா போதாதா? போங்கம்மா” என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஜலஜா ஸ்ரீவைகுண்டத்துக்கு எழுதினாள். முட்டாள்தனமான உத்தரவையும் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிக் காட்டினால்தான் உத்தரவு போட்டவனை அடுத்த படிக்கு இழுக்க முடியும் என்பது எருமை மாட்டு வழக்கிலேயே அவள் கற்றுக்கொண்ட பாடம். பத்து நாளில் அங்கிருந்து கார்டு வந்தது. ‘மேற்படி பெயருள்ளவர் மேற்படி காலத்தில் இவ்வூரில் இறந்ததாகப் பதிவு இல்லை.’ தாமிரபரணிக் கரையில் பெயர் தெரியாத ஒரு குமாஸ்தாவுக்கு, யாரோ ஒருத்தி கேட்ட அசட்டுக் கேள்விக்குக் கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதத் தெரிந்திருக்கிறது. நாலு தெரு தள்ளி இருப்பவருக்குத் தெரியவில்லை.

கார்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். கணேசமூர்த்தி அதை இருபுறமும் பார்த்தார்.

“அங்கே சாகலையா? அப்போ உயிரோடதான் இருக்கார். நல்ல சமாசாரம்தானே.”

“நான் அவர் கொள்ளியைப் பார்த்தவள்.”

“நீங்க பார்த்தது சரி. நான் பார்க்கலையே. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லைன்னா செத்ததா எடுத்துக்கலாம்னு சட்டம் இருக்கு. மூணு போயிடுச்சு. இன்னும் நாலுதானே, பொறுங்க.”

வாசற்படியிலிருந்து துரைராஜ் குரல் கொடுத்தான். “அய்யா, பாவம், எழுதிக் கொடுத்தவரு இருந்தா இட்டாரச் சொல்லுங்க. அவரே மாத்தி எழுதட்டும்.”

கணேசமூர்த்திக்கு அது பிடித்திருந்தது. தாம் எழுத வேண்டிய அவசியமில்லாத எந்த யோசனையும் அவருக்குப் பிடிக்கும். “ஆமா. எழுதிக் கொடுத்தவர் கையாலேயே ‘என் மகன் செத்துப்போனான்’னு தெளிவா, பாமரத் தமிழ்ல எழுதி வாங்கிட்டு வாங்க. பார்க்கலாம்.”

ஆக, ஒரு வார்த்தை போதும் என்றாயிற்று. அந்த ஒரு வார்த்தை வேதாந்தத்திடம் இருந்தது. ஆனால் வேதாந்தம் தரமாட்டேன் என்றார்.

“செத்தான்னு எழுதறதா? நாய் சாகும், நரி சாகும். என் பிள்ளை சாகலை. எழுந்தருளினான். நான் எழுதினதுல பிழை எங்கே இருக்கு, காட்டு.”

“பிழை இல்லை மாமா. அவருக்குப் புரியலை.”

“அவனுக்குப் புரியலைன்னா அவன் படிக்கட்டும்.”

“அவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள சம்பத்து வித்து முடிச்சுடுவான். நீங்களும் நானும் எங்கே போறது?”

“வீடு போனா போறது. வாக்கை விடமாட்டேன்.”

வீடு அவருடையதாக இல்லாததால் அவருக்கு இப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது. ஜலஜா சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள். இந்த மனிதருக்கு ஒரு பெருமை உண்டு. உறவினர்கள் கூடிவந்து அவள் தலைமயிரை எடுக்க வேண்டும் என்றபோது, “என் ஆத்துல நாவிதன் படி ஏறமாட்டான்” என்று விரட்டியடித்தவர். அதை அவள் நன்றியோடு குறித்து வைத்திருந்தாள். ஆனால் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அவருக்கும் கணேசமூர்த்திக்கும் நாமத்துக்கும் விபூதிக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று அன்று அவளுக்குப் பட்டது. ஒருவருக்கு நாடு என்றால் ஜில்லா, மற்றவருக்கு நாடு என்றால் பரமபதம். நடுவில் இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேருமே பொறுப்பில்லை.

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வேதாந்தம் பெருமாளுக்குத் திருவாராதனம் முடித்து நிமிர்ந்தபோது ஜலஜா அரக்குப் புடவை உடுத்தி, தலையில் கதம்பம் வைத்து, நெற்றியில் குங்குமத்தோடு எதிரே நின்றாள்.

கிழவர் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார். “என்னது இது?”

“ஆபீஸ் கணக்குப்படி இருக்கேன் மாமா. அவர் ஊருக்குப் போயிருக்கார். ஊருக்குப் போனவரோட ஆத்துக்காரி வெறும் நெத்தியோட நிக்கலாமோ? அவருக்கு ஆகாதே.”

“அழிச்சுட்டு வா.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு என்னைக் கேக்கறியா? அவன் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?”

“எங்கே போயிருக்கார்னு நீங்க சொல்லுங்கோ. கோவிலுக்குக் கிளம்பிண்டிருக்கேன். வழியில யாராவது நிறுத்திக் கேட்டா என்ன சொல்லணும்? திருநாட்டுக்குன்னு சொல்லட்டுமா? எப்போ வருவார்னு கேப்பாளே.”

“ஜலஜா.”

“சம்பத்துக்கும் சந்தோஷமா இருக்கும். மன்னியே பொட்டு வெச்சுண்டிருக்கான்னு கோர்ட்டுல சொல்லுவான். உங்க வாக்கும் நிக்கும்.”

அவள் வாசற்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஒரு விதவை குங்குமத்தோடு மாடவீதியில் இறங்கினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் இறங்குவாள் என்றும் இருவருக்கும் தெரியும்.

“செத்துப் போயிட்டான்டி” என்றார் வேதாந்தம். மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “என் பிள்ளை செத்துப் போயிட்டான்.”

ஜலஜா சமாதானம் சொல்லவில்லை. பேனாவை மையில் தோய்த்துக் கொடுத்தாள். அவர் எழுதியதை வாங்கி, மை காய்ந்ததும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் சற்றுமுன் பார்த்த நெற்றி யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது. அவளை ஜலஜாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மாமனாரையும் அழைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். கணேசமூர்த்தி புதுக் கடிதத்தைப் படித்துத் தலையாட்டினார். “இப்போ பச்சைக்குழந்தைக்கும் புரியும். இதை அன்னைக்கே எழுதியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா சாமி?”

“தமிழ் தெரிஞ்சவா யாராவது இருப்பான்னு நெனச்சுட்டேன்” என்றார் வேதாந்தம்.

“நான் சைவம் சாமி. எங்களவங்க கைலாசத்துக்குப் போவாங்க. உங்க நாடு எனக்குப் பழக்கம் இல்லை.”

துரைராஜ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

சான்று பங்குனிக் கடைசியில் வந்தது. முத்திரை இருந்தது, பெயர் சரி, தேதி சரி. இறந்த இடம் என்ற கட்டத்தில் ‘வெளியூர்’ என்று இருந்தது. ஜலஜா அந்த நிமிஷமே திரும்பி நடந்தாள்.

“பழைய பதிவுல ஊரை விட்டுப் போனார்னு இருக்கேம்மா” என்று கணேசமூர்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். “அதை அடிச்சா ஏன் அடிச்சேன்னு எனக்கு மெமோ வரும். சேர்த்து எழுதினா யாரும் கேக்க மாட்டாங்க. போனாரு, போன இடத்துல செத்தாரு. ரெண்டும் பொருந்துதா இல்லையா? உங்களுக்கு வேண்டியது செத்ததுதானே, அதான் குடுத்துட்டேனே.”

அதற்குள் சம்பத்குமாரன் கிரயப் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோயிருந்தான். ஜலஜா பத்திரப் பதிவு அதிகாரி முன்னால் சான்றை வைத்து ஆட்சேபித்தாள். அவர் கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

“வெளியூரில் இறந்தவருக்கு இந்த ஆபீஸ் எப்படிச் சான்று கொடுத்தது? அதற்கு அதிகாரம் இல்லையே.”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்” என்றான் சம்பத்குமாரன், பரம சாது மாதிரி.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்திரத்தை ஏப்ரல் முப்பது வரை நிறுத்திவைப்பதாகவும், இடம் சரியாக எழுதிய சான்று அதற்குள் வந்தால் முக்தியார் செல்லாது என்றும், வராவிட்டால் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார். ஜலஜா அதை எழுதித் தரும்படி கேட்டாள். அவர் எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, கணேசமூர்த்தியைத் தாண்டி அவருடைய மேலதிகாரிக்கு நேரே எழுத உட்கார்ந்தாள். வேதாந்தம் அருகே வந்து நின்று, தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். நடந்தவற்றை முறைப்படி எழுதிவிட்டு, கடைசிப் பகுதிக்கு வந்தாள்.

‘...மேற்படி ஸ்ரீரங்கன் வெளியூரில் இறக்கவில்லை. தங்கள் வட்டத்துக்கு உட்பட்ட வீட்டில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கையில் இறந்தார். தங்கள் குமாஸ்தா தமக்கு மெமோ வராமலிருக்கும் பொருட்டு இறந்தவரை வெளியூர் அனுப்பியிருக்கிறார். அந்தப் பதிவை அடித்து, வீட்டு விலாசத்தை எழுதி, சான்றை ஏப்ரல் 25ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். இயலாதென்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இயலாது என்பதைத் தாங்களே கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும். நேரில் வந்து கேட்டுக்கொள்ளும்படி சேவகன் மூலம் சொல்லியனுப்பும் வார்த்தை பதிலாக ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. எழுத்துமூலமான பதில் தேவை.’